116 ரூபாய் பில்லுக்கு வக்கீல் தேடியது

குடியாத்தம்–வேலூர் ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட்டை வாங்கிய கையோடு பாதிப் பேர் தொலைத்துவிடுவார்கள். செக்கிங் ஏறினால் சட்டைப் பை, மஞ்சப்பை, இடுப்பு மடிப்பு என்று எல்லா இடமும் துழாவுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே எந்தப் பில்லையும் தூக்கிப் போடாத பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. காஸ் பில், கரண்ட் பில், மருந்துக்கடை பில் எல்லாம் அதில்தான் போகும். அந்த டின் இல்லையென்றால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

எழுத வந்தது வக்கீல் ஆபீஸ்களைப் பற்றி. மருந்தால் உடம்பு கெட்டுப்போய் நஷ்டஈடு கேட்கப் போகிறவர் எந்த மாதிரி ஆபீஸில் ஏறலாம், எதில் முதல் ஸ்டாப்பிலேயே இறங்கிவிடலாம் என்று. மூன்று இடம் பார்த்தேன். ஒருவர் பேரையும் போடவில்லை. கேஸ் நடந்துகொண்டிருக்கிறது, அது ஒரு காரணம். இன்னொன்று, வக்கீல்கள் தங்களை விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. நான் நல்லது எழுதப் போய் அது அவருக்கு வம்பாக வேண்டாம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் மாதம் என் வீட்டுக்காரம்மாவுக்குக் கால் கட்டைவிரல் வீங்கி, செருப்புப் போட முடியாமல் போனது. யூரிக் ஆசிட் என்றார்கள். டாக்டர் அலோபுரினால் 100 மில்லிகிராம், தினம் ஒன்று என்று சீட்டு எழுதினார். கடையில் 100 இல்லைபோல. 300 மாத்திரை இரண்டு அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். 116 ரூபாய். டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நாங்களும் மாத்திரையின் பேரைப் பார்த்தோமே தவிர, பக்கத்திலிருந்த நம்பரைப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காய்ச்சல், தொண்டை வலி. கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து நானே சொட்டு மருந்து வாங்கி வந்து ஊற்றினேன். இரண்டு நாளில் உதடு வெந்த மாதிரி ஆகி, முதுகில் தோல் உரிய ஆரம்பித்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் 23 நாள். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்று பேர் சொன்னார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் வெந்து உரிகிற வியாதி. லட்சத்தில் யாருக்கோ வருவது. ஆயுசு கெட்டி, பிழைத்துவிட்டாள். தோல் திரும்பி வந்தது, கண் வரவில்லை. கண்ணீர் ஊறுவதில்லை, இமை முடி உள்பக்கமாக வளர்ந்து விழியை உரசுகிறது, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, வெயிலில் கறுப்புக் கண்ணாடி. இருபது வருஷமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள். இப்போது ஊசியில் நூல் கோர்க்க எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள்.

உடம்பைப் பார்க்கவே ஒரு வருஷம் ஓடிவிட்டது. வக்கீலைத் தேடி நான் கிளம்பியது 2024 அக்டோபரில்.

முதல் ஆபீஸ் வேலூர் டவுனுக்குள். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம். எல்லாம் ஒரே நிற பைண்டிங். ஒன்றுகூட நகர்த்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. வக்கீல் சார் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார், காபியும் வந்தது. நான் பாதி சொல்லும்போதே கை காட்டி நிறுத்தினார். "60 லட்சம் கேட்போம் சார். டாக்டர், கடை, ஆஸ்பத்திரி, மருந்துக் கம்பெனி, நாலு பேரையும் போட்டுடலாம். தொகை பெருசு, அதனால நேரா மெட்ராஸ்ல ஸ்டேட் கன்சியூமர் கமிஷன். வர்றதுல 30 பர்சன்ட் எனக்கு. இப்போ நீங்க பைசா தர வேணாம்."

எனக்கு முதலில் குளிர்ந்துதான் போனது. பைசா தர வேண்டாம் என்றால் பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இரண்டு விஷயம் உறுத்தியது. உயிரைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரி மேல் எதற்குக் கேஸ்? கேட்டதற்கு, "அவங்களையும் சேர்த்தாத்தான் சார் பணம் பெயரும்" என்றார். இரண்டாவது, பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வரும்போது குமாஸ்தா வெற்று வக்காலத்து இரண்டிலும், ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றிலும் கையெழுத்துக் கேட்டார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி அக்கா மகனிடம் போனில் பேசினேன். அவன் நியூஜெர்சியில் இருக்கிறான். இந்தப் பர்சன்ட் கதை அங்கே சாதாரணம் என்றான். மருந்துக் கேஸுக்கு டிவியிலேயே வக்கீல் கம்பெனி விளம்பரம் வருமாம். தோற்றால் ஃபீஸ் இல்லை, ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, சில இடத்தில் 40 சதவீதம்வரை. வயாக்ஸ் என்ற வலி மாத்திரையை இதய ஆபத்து காரணமாக மெர்க் கம்பெனி 2004-ல் வாபஸ் வாங்கியது. ஆயிரக்கணக்கில் கேஸ் விழுந்து, 2007-ல் 485 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டார்கள். அங்கே ஒரே மருந்தால் கெட்டவர்களின் கேஸ்களை ஒரே ஜட்ஜ் முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்து முதல்கட்ட விசாரணையை நடத்துகிறார்களாம். நம் கதை அப்படி இல்லை. ஒரு கடை, ஒரு சீட்டு, ஒரு பொம்பளை. ஆனால் அவன் சொன்னதில் ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். "மாமா, இங்க விளம்பரம் குடுக்கிறவன் ஒருத்தன், கேஸ் நடத்துறவன் இன்னொருத்தனா இருப்பான். உங்க கேஸை யார் கையால நடத்துவாங்கன்னு மொதல்ல கேளுங்க."

அது இரண்டாவது ஆபீஸில் அப்படியே உதவியது. சென்னையில் இருக்கும் பெரிய நிறுவனம். மெடிக்கல் கேஸுக்கே தனி டீம் என்றார்கள். முதல் ஆலோசனைக்கு 2,500 ரூபாய் போனிலேயே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன், ரசீது கேட்டேன், வரவேயில்லை. நாலு தடவை பேசினேன், நாலும் வேறு வேறு குரல். ஒவ்வொரு குரலுக்கும் கட்டைவிரலில் ஆரம்பித்துக் கண்வரை சொல்ல வேண்டும். மூன்றாவது குரல், "கொல்கத்தா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு 6 கோடி குடுத்திருக்கு சார், உங்க வீட்டம்மாவுக்கும் அதே குடும்பத்து வியாதிதான்" என்றது. வேலூர் வாய்தாவுக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். "லோக்கல்ல ஒரு கவுன்சலை அரேஞ்ச் பண்ணிடுவோம்." யார் அவர்? "கேஸ் நம்பர் ஆனதும் சொல்றோம் சார்." டிரைவர் யாரென்று பஸ் கிளம்பின பிறகு சொல்கிறோம் என்கிற மாதிரி. 2,500 போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது இடத்தை எனக்குச் சொன்னது ஒரு டீக்கடை. சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்றிருந்தபோது, வாய்தா முடிந்து வந்த ஒரு பெரியவர், ஆம்பூர்க்காரர், ஃபிரிட்ஜ் கேஸ் ஒன்றை ஜெயித்தவர், "கன்சியூமர் கமிஷன்ல தினம் நிக்கிற வக்கீலைப் பாருங்க, சிவில் கோர்ட்டுல பெரிய ஆளா இருந்து என்ன?" என்றார். நான் பார்த்த மொத்த வக்கீல் விளம்பரத்திலும் இந்த அளவுக்கு உருப்படியான வார்த்தை கிடையாது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. பெண் வக்கீல், நாற்பத்தைந்து வயசிருக்கும். மேஜையில் கேஸ் கட்டுகள், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், கறை படிந்த டம்ளர். என்ன ஆச்சு என்றுகூட அவர் முதலில் கேட்கவில்லை. "மாத்திரை வாங்கின தேதி என்ன? பில் இருக்கா?" என்றார்.

டின்னைத் திறந்தேன்.

பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மருந்துக்கடை பில் எழுத்து ஒரு வருஷத்தில் மங்கிவிடும், தெரியுமோ என்னவோ. பேட்ச் நம்பர் மட்டும் தெளிவாக இருந்தது. மிச்சமிருந்த மாத்திரையோடு அட்டையை எடுத்து, அதன் முதுகில் அச்சடித்த பேட்ச் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். அப்புறம் டாக்டர் சீட்டை விரித்து, 100 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 300 அட்டையை வைத்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை. "ஜெராக்ஸ் இப்பவே எடுத்துடுங்க, இன்னும் ஆறு மாசத்துல இந்தப் பில்லு வெள்ளைத்தாள் ஆயிடும்" என்று ஜூனியரிடம் கொடுத்து அனுப்பினார். இருபத்தெட்டு வருஷத்தில் எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் என் பேப்பரை இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

தேதியை எதற்குக் கேட்டார் என்றால், நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருஷம்தான் கெடு. எங்களுக்குப் பதினாலு மாதம் போய்விட்டிருந்தது. மற்ற இரண்டு ஆபீஸிலும் தேதியை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

60 லட்சம், ஸ்டேட் கமிஷன் கதையைச் சொன்னேன். சிரித்தார். பழைய 1986 சட்டத்தில் கேட்கும் நஷ்டஈட்டையும் சேர்த்து எந்தக் கமிஷன் என்று முடிவு செய்வார்களாம். 2019 சட்டத்தில் அது போய்விட்டது. பொருளுக்கு நாம் கொடுத்த விலைதான் கணக்கு. 50 லட்சம்வரை மாவட்டக் கமிஷன். "நீங்க குடுத்தது 116 ரூபா. எவ்வளவு நஷ்டஈடு கேட்டாலும் வேலூர்தான். கோர்ட்டு ஃபீஸும் கிடையாது, 5 லட்சம்வரைக்கும் இல்ல." கண்ணாடிக் கதவு ஆபீஸில் அந்தப் புத்தகங்களை யாரும் நகர்த்தவில்லை என்று எனக்குத் தோன்றியது சரிதான்போல.

30 பர்சன்ட்? நம் நாட்டில் வக்கீல் அப்படிப் பேசவே கூடாது; தீர்ப்பைப் பொறுத்து ஃபீஸ் வைப்பதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி தப்பு என்றார். தன்னுடைய ஃபீஸை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: மொத்தம் 35,000, புகார் போடும்போது ஒரு பங்கு, சாட்சிப் பத்திரத்தின்போது ஒரு பங்கு, வாதத்துக்கு முன்னால் ஒரு பங்கு. டைப்பிங், ஜெராக்ஸ், தபால் தனி. கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ரசீது இருக்கிறது, டின்னில்.

இதைவிட என்னை உட்கார வைத்தது வேறு. ஃபீஸ் பேசுவதற்கு முன்னாலேயே, "அம்மா பொம்பளைங்கிறதால வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துல எழுதிக் குடுத்தா வக்கீல் போடுவாங்க. 15100-க்கு போன் பண்ணாலும் சொல்வாங்க. வக்கீலே இல்லாமலும் நீங்களே வாதாடலாம். யோசிச்சுட்டு வாங்க, நான் கோச்சுக்க மாட்டேன்" என்றார். எதிர்க்கடையில் விலை குறைவு என்று சொல்லி அனுப்புகிற கடைக்காரரை நான் பார்த்ததில்லை. சட்டப் பணிகள் ஆணையத்திலும் போய்க் கேட்டேன், மரியாதையாகவே பதில் சொன்னார்கள். ஆனால் எங்கள் டின்னை ஏற்கெனவே படித்துவிட்டவரை விட மனசு வரவில்லை.

யார் மேல் கேஸ் என்பதில் அவர் ஒரு மணி நேரம் செலவழித்தார். கம்பெனி மேல் போட வேண்டுமானால் மாத்திரையில் கோளாறு இருக்க வேண்டும், அல்லது எச்சரிக்கை சரியாகக் கொடுக்காமல் இருக்க வேண்டும். இந்தத் தோல் வியாதி வரலாம் என்று அவர்கள் குறிப்பிலேயே போட்டிருக்கிறது, ஆகவே அது நிற்காது என்றார். டாக்டர்? "அவர் 100-னு சரியாத்தான் எழுதியிருக்கார். அவரை எதிரியாக்கினா இந்தச் சீட்டுக்கு நமக்குச் சாட்சி யாரு?" மிச்சம் கடை. சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறு மருந்து கொடுக்கக் கூடாது, அதே சரக்கு உள்ளதாக இருந்தாலும் கூடாது என்று மருந்து விதியிலேயே இருக்கிறதாம்.

சரி, அப்போ ஜெயித்த மாதிரிதானே என்றேன். "இல்ல. 100 சாப்பிட்டிருந்தாலும் இது வந்திருக்கலாம்னு அவங்க சொல்வாங்க. அது முழுப் பொய்யும் இல்ல. அங்கதான் நம்ம கேஸ் வீக்." எங்கே வீக் என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். ஆரம்பத்தில் அதிக டோஸ் போட்டால் ஆபத்து கூடும், குறைவாக ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும், கிட்னி மந்தமாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை என்பதற்கு டாக்டர் கருத்து வேண்டும் என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த மருந்தால் என்று என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தார். முழு கேஸ் ஷீட்டையும் எழுதிக் கேட்கச் சொன்னார். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான ஒழுங்குமுறையில் இருக்கிறதாம். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது, 1800-180-3024 என்ற நம்பரில் நாமேகூடச் சொல்லலாம், ஆஸ்பத்திரியில் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள் என்றார். செய்திருந்தார்கள்.

6 கோடி கேஸையும் கேட்டுவிட்டேன், ஆசை யாரை விட்டது. அனுராதா சாஹா என்பவர் 1998-ல் இறந்தார். ஸ்டீராய்டு ஊசியை அளவுக்கு மீறிப் போட்ட விவகாரம். கணவர் குணால் சாஹா தானே டாக்டர். மெடிக்கல் சாட்சிகளைத் தானே தேடிப் பிடித்து, பதினைந்து வருஷம் நடத்தி, 2013-ல் அந்தத் தீர்ப்பு வாங்கினார். அந்த அம்மாவின் அமெரிக்க வருமானக் கணக்கும் தொகையில் இருக்கிறது. "உங்க வீட்டம்மா வருமானத்துக்கு என்ன ஆதாரம்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

ஜாக்கெட் தைக்கிறவளுக்குச் சம்பளச் சீட்டா வரும்? வீட்டுக்காரம்மா பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். மெதுவாக, "அளவு நோட்டு இருக்கு" என்றாள். அடுத்த வாரம் கொண்டுபோனோம். அட்டை பிய்ந்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பேர், உயரம், மார்பு, இடுப்பு, கழுத்து இறக்கம், கீழே கூலி. துணியில் ஒரு சதுரம் வெட்டி ஊக்கு குத்தியிருப்பாள். 2023 ஜூலையில் பக்கத்துக்கு நாலு பேர். ஆகஸ்ட் பாதிவரைக்கும் அப்படி. அதற்கப்புறம் வெறும் கோடு போட்ட தாள். வக்கீல் அந்த வெறும் பக்கங்களையும் விடாமல் கடைசிவரை புரட்டினார். அதையும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். வெற்றுப் பக்கத்தை எதற்கு மேடம் என்று ஜூனியர் கேட்டான். "அதுதான்டா ஆதாரம்."

குறைகளும் சொல்ல வேண்டும். போன் எடுக்கவே மாட்டார். சாயங்காலம் ஏழுக்கு மேல்தான், அதுவும் மூன்றாவது தடவை. சொன்ன நேரத்துக்குப் போனால் ஒரு மணி நேரம் காக்க வேண்டும், வேலூர் வெயிலில் அந்த அறையில் ஒரே ஃபேன். படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. கண் சரியில்லாத கட்சிக்காரர் வருகிற ஆபீஸுக்கு இது அநியாயம். நான் முன்னால் ஏறி, அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். புகார் மனுவில் வயது 48 என்பதை ஜூனியர் 84 என்று அடித்துவிட்டான். மனுவை இங்கிலீஷில் அடித்தாலும், கையெழுத்துக்கு முன்னால் மேடம் வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்வார், அப்போது மாட்டியது. "கண்ணு தெரியாதது எனக்கா, இந்தத் தம்பிக்கா?" என்றாள் வீட்டுக்காரம்மா. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சத்தம்போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

2025 ஜனவரியில் புகார் போட்டோம். கேஸை முடிக்க மூன்று மாதம், பரிசோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. "நான் ரெண்டு வருஷம்னு சொல்லிக்கிறேன், சீக்கிரம் முடிஞ்சா சந்தோஷப்படுங்க" என்று அப்போதே சொல்லிவிட்டார். கடைக்காரர் தரப்பு பதில் மனு போட்டுவிட்டது. 100 சாப்பிட்டிருந்தாலும் வந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள், மேடம் முதல் நாளே சொன்ன அதே வாக்கியம்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்று குறைத்தது படிக்கு. வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன், அவள் மூன்றரைதான் என்கிறாள். அளவு நோட்டின் ஒரிஜினல் இன்னும் மேடத்திடமே இருக்கிறதாம், அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது ஞாபகமாகக் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.